பில் இல்லாத ஃபாரின் சிகரெட் கடையில வச்சா என்ன ஆகும்? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வடசென்னை_பெட்டிக்கடை எழுதியது:

வணக்கம் மக்களே. வடசென்னையில சின்னதா ஒரு பெட்டிக்கடை, கடை மாமா பேர்ல இருக்கு, அவருக்கு முட்டி ஆபரேஷன் ஆனதுல இருந்து எட்டு மாசமா நான்தான் கல்லாவுல உக்காந்திருக்கேன். டீ, பன்னு, வாழைப்பழம், ரீசார்ஜ், சிகரெட். இதுல சிகரெட்தான் ஆளை கடைக்கு இழுக்குது, ஒரு தம் வாங்க வர்றவன்தான் கூடவே ஒரு டீயும் சொல்றான், அதனால அத எடுத்துடுன்னு யாரும் ஈசியா சொல்லாதீங்க.

விஷயத்துக்கு வரேன். 2026 பிப்ரவரி 1-ல இருந்து சிகரெட் வரி ஏறுச்சு இல்ல, அதுல இருந்து தெனமும் கல்லாவுல சண்டைதான், "நேத்து இந்த விலை இல்லையேப்பா"ன்னு என்னமோ நான் ஏத்துன மாதிரி. கம்பெனி லைன் வண்டியில வர்ற சரக்குல நமக்கு நிக்கிற காசும் ரொம்ப கம்மி. இந்த நேரம் பாத்து ஒருத்தர் பைக்குல வந்தார், பெரிய பேக் மாட்டிக்கிட்டு, பேச்சு தேன் மாதிரி. ஒரு பாக்கெட்டை எடுத்து வச்சாரு. மெல்லிசு சிகரெட் கட்டை, 20 இருக்கு, வெளியில கேன்சர் படம் ஒண்ணும் இல்ல, எம்.ஆர்.பி இல்ல, ஏதோ வேற மொழியில எழுத்து. பாக்கெட் 90 ரூபா, அவுட்டரா, அதாவது பாக்கெட்டுங்க சேந்த முழு டப்பாவா எடுத்தா இன்னும் கொறைச்சு தரேன், லூஸ்ல கட்டை 10 ரூபான்னு வித்தா உனக்கு டபுளுக்கு மேல நிக்கும் தம்பின்றாரு. பில் கேட்டேன், சிரிச்சாரு. "ஃபாரின் சரக்குக்கு எவன்ப்பா பில்லு தருவான்" அப்டின்னு. போற போக்குல வேப்பும், அதான் எலெக்ட்ரானிக் சிகரெட், இருக்கு வேணுமான்னு வேற கேட்டாரு.

நான் யோசிச்சு சொல்றேன்னு அனுப்பிட்டேன். அடுத்த தெருக் கடையில இதே பாக்கெட்டை சாக்லேட் டப்பாவுக்கு பின்னாடி வச்சு விக்கிறாங்க, நான் கண்ணால பாத்தேன், அவங்கள யாரும் ஒண்ணும் கேட்ட மாதிரி தெரியல. நான் கடத்தல, வாங்கி விக்கிறேன் அவ்ளோதான், அதுக்கும் கேஸ் வருமா, வந்தா எனக்கா, மாமாவுக்கா, பைக்காரருக்கா? அப்புறம் இவ்ளோ கஸ்டம்ஸ், இவ்ளோ போலீஸ் இருக்கும்போது இது எப்படிங்க என் கடை வாசல் வரைக்கும் வருது? உண்மையிலேயே புரியாமதான் கேக்குறேன்.

---

ராயபுரம்_குமாஸ்தா:

கடைசி கேள்விக்கு நான் பதில் சொல்றேன், ஏன்னா 16 வருஷமா கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ்ல குப்பை கொட்டுறேன், ஹார்பர்ல சரக்கு கிளியர் பண்ற பேப்பர் வேலை.

தம்பி, உங்க கடைக்கு வந்த பாக்கெட் பெரும்பாலும் ரெண்டு வழியில ஏதோ ஒண்ணுல வந்திருக்கும். ஒண்ணு குருவி. பர்மா பஜார் பக்கம் வளந்தவனுக்கு இத விளக்கவே வேணாம், துபாய், சிங்கப்பூர், பேங்காக் போயிட்டு வர்ற ஆளு பெட்டியில அவுட்டர் அவுட்டரா அடுக்கிட்டு வர்றது. வெளிநாட்டுல இருந்து வர்ற ஒரு பயணி 100 கட்டை வரைக்கும்தான் வரியில்லாம கொண்டாரலாம், முன்னாடி 200 இருந்துச்சு, 2014 பட்ஜெட்ல பாதியா வெட்டிட்டாங்க. 100 கட்டைன்னா உங்க கணக்குல அஞ்சு பாக்கெட். பைக்காரர் பேக்ல எத்தனை இருந்துச்சுன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

ரெண்டாவது வழிதான் பெரிய வழி, கண்டெய்னர். 40 அடி பெட்டி ஒண்ணுல சிகரெட்டை மட்டும் ரொப்புனா சுமாரா 1 கோடி கட்டை புடிக்கும். இப்ப புதுசா வந்திருக்கிற எக்ஸைஸ் வரி, கட்டை நீளத்தை பொறுத்து ஆயிரத்துக்கு 2,050 ரூபாயில இருந்து 8,500 ரூபா வரைக்கும். அந்த ரேட்டை வச்சு சும்மா பெருக்கிப் பாருங்க, ஒரு பெட்டிக்கு 2 கோடி சொச்சத்துல இருந்து 8.5 கோடி வரைக்கும் எக்ஸைஸ் மட்டுமே, அதுக்கு மேல 40 சதவீத ஜி.எஸ்.டி வேற. இந்த வரிப்பணம்தான் கடத்துறவனோட லாபம். சிகரெட்டோட சொந்த விலை அதுக்கு முன்னாடி சுண்டக்காய். பத்து பெட்டியில மூணு மாட்டுனாலும் கவலைப்பட மாட்டான்.

எப்படி வருதுன்னா, பேப்பர்ல வேற சரக்கு இருக்கும். கதவைத் தொறந்தா மொத ரெண்டு மூணு வரிசை பேப்பர்ல சொன்ன அதே சரக்கு, அதுக்குப் பின்னாடிதான் அட்டைப்பெட்டி. எல்லா பெட்டியையும் தொறந்து பாக்க முடியுமான்னு கேட்டா முடியாது, தொறந்தா ஹார்பர் ஸ்தம்பிச்சுடும். அதனால கம்ப்யூட்டரே எது ரிஸ்க்கு எது ரிஸ்க் இல்லைன்னு பிரிச்சுக் குடுக்குது, ஆர்.எம்.எஸ்-ம்பாங்க. புது இம்போர்ட்டரா, எந்த நாட்டுல இருந்து வருது, சொன்ன சரக்குக்கு எடை ஒத்துப்போகுதா, இதெல்லாம் பாத்து ஒதுக்கும், ஒதுக்குனது ஸ்கேனருக்குப் போகும், இல்லேன்னா சி.எஃப்.எஸ்-ங்கற கண்டெய்னர் கிடங்குல கொட்டிப் பாப்பாங்க. பெரிய பெரிய பிடி எல்லாம் அனேகமா டி.ஆர்.ஐ-காரங்க, அதாவது மத்திய வருவாய் புலனாய்வுத் துறை, துப்பு வச்சு புடிக்கிறதுதான். 1957-லயே ஆரம்பிச்ச டிபார்ட்மெண்ட் அது, தங்கம்தான் பேப்பர்ல பெருசா வரும், ஆனா சிகரெட்டும் அவங்க லிஸ்ட்ல வருஷா வருஷம் இருக்கு. புடிச்ச சரக்கை ஏலம் விட மாட்டாங்க, எரிச்சுடுவாங்க.

இதுல எனக்கு வயித்தெரிச்சல் எங்கன்னா, ஐ.இ.சி வாடகைன்னு ஒண்ணு இருக்கு. இம்போர்ட் பண்றதுக்கான கோடு நம்பர். அத ஒரு ஆட்டோக்காரர் பேர்லயோ கூலிக்காரர் பேர்லயோ எடுத்து, மாசம் ஏதோ பத்து இருபதாயிரம் குடுத்து, சரக்கு எல்லாத்தையும் அவர் பேர்ல எறக்குவான். மாட்டுனா சம்மன் அந்த மனுஷன் வீட்டுக்குப் போகும். எங்க ஆபீஸுக்கே ஒருதடவ ஒருத்தர் வந்து உக்காந்திருந்தார், கையில சம்மன், அவர் பேர்ல கம்பெனி இருக்கறதே அன்னைக்குத்தான் அவருக்குத் தெரியும். சரக்கோட சொந்தக்காரன் துபாய்ல இருக்கானா தி.நகர்ல இருக்கானான்னு யாருக்குத் தெரியும்.

---

சிவில்_வக்கீல்_67:

கடைக்காரத் தம்பிக்கு. "நான் கடத்தல, விக்கிறேன்"ங்கிற வாதம் நிக்காது. கஸ்டம்ஸ் சட்டம் 1962-ல 135-வது பிரிவை எடுத்துப் படிங்க. கடத்துறவரை மட்டும் சொல்லல, பறிமுதல் பண்ணத்தக்க சரக்குன்னு தெரிஞ்சோ, அப்படி நம்பறதுக்கு காரணம் இருந்தோ அத வாங்குறவர், வச்சிருக்கறவர், மறைக்கிறவர், விக்கிறவர் எல்லாரையும் சேத்துதான் சொல்லுது. "காரணம் இருந்தோ"ங்கிற வார்த்தையைத்தான் கவனிக்கணும். பில் இல்ல, எம்.ஆர்.பி இல்ல, படம் இல்ல, பாதி வெலை. இதவிட என்ன காரணம் வேணும்? சாக்லேட் டப்பாவுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சாலே எனக்குத் தெரியும்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி.

நடைமுறையில ரெண்டு பாக்கெட் வச்சிருக்கற கடைக்காரரை ஜெயிலுக்கு அனுப்புறது அபூர்வம், சரக்கை எடுத்துட்டு 112-வது பிரிவுல பெனால்டி போடுவாங்க. ஆனா கூப்பிட்டு உக்கார வச்சு எழுதி வாங்குவாங்க பாருங்க, 108-வது பிரிவு வாக்குமூலம், அதுலதான் நிறைய பேர் மாட்டுறாங்க. போலீஸ்கிட்ட குடுக்கற ஒப்புதல் கோர்ட்டுல செல்லாதுன்னு சினிமா பாத்து எல்லாருக்கும் தெரியும், கஸ்டம்ஸ் ஆபீசர் போலீஸ் ஆபீசர் இல்ல, அங்க நீங்க எழுதிக் குடுத்தத சாட்சியமா எடுத்துக்கலாம். பயத்துல "ஆமா சார் ஆறு மாசமா விக்கிறேன்"னு எழுதுனா அப்புறம் நான் வந்தாலும் கொஞ்சம் கஷ்டம்தான்.

இதுபோக புகையிலைச் சட்டம் தனியா இருக்கு, 2003-ல வந்த காட்பா. பாக்கெட்டோட ரெண்டு பக்கமும் 85 சதவீதம் படமும் எச்சரிக்கையும் இருக்கணும், 2016 ஏப்ரல்ல இருந்து இதான் அளவு. அது இல்லாத பாக்கெட்டை விக்கிறவருக்கு முதல் தடவை ஒரு வருஷம் வரை ஜெயில், இல்லேன்னா 1,000 ரூபா வரை அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம், ரெண்டாவது தடவைன்னா ரெண்டு வருஷம் வரை ஜெயிலும் 3,000 ரூபா வரை அபராதமும். 1,000 ரூபாங்கறது இந்தக் காலத்துல ஒரு அபராதமான்னு என்னைக் கேக்காதீங்க, 2003-ல போட்டது இன்னும் அப்படியே கெடக்கு.

வேப் பக்கம் தலை வச்சுக்கூட படுக்காதீங்க. 2019-ல மத்திய அரசு மொத்தமா தடை பண்ணிடுச்சு. வித்தா முதல் தடவையே ஒரு வருஷம் வரை ஜெயில், இல்ல 1 லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். கடையில ஸ்டாக் வச்சிருந்தா அதுக்கு தனியா ஆறு மாசம், 50,000.

யார் மேல கேஸ்னு கேட்டீங்க. கல்லாவுல உக்காந்தது நீங்க, லைசென்ஸ் மாமா பேர்ல. ரெண்டு பேரையும்தான் கூப்பிடுவாங்க. பைக்காரருக்கு பேரே இல்லையே, யாரைக் கூப்பிடுறது?

---

தம்_அடிச்சா_தப்பா:

எல்லாம் சரி வக்கீல் சார், ஆனா ஆரம்பம் எங்கன்னு யாரும் பேச மாட்றீங்களே. நான் கோயம்புத்தூர்ங்க, 22 வருஷமா அடிக்கறேன், விட முடியல, விடுங்க அது என் பிரச்சனை. பட்ஜெட் வந்தாலே எனக்குத்தான் மொத அடி. வெலை ஏத்துனா கடத்தல் சரக்கு வரத்தான செய்யும், இதுக்கு எம்.பி.ஏ படிக்கணுமா? கவர்மெண்டே கடத்தல்காரனுக்கு கதவைத் தொறந்து விட்டுட்டு அப்புறம் ஸ்கேனர் வைக்கறேன் டி.ஆர்.ஐ வைக்கறேன்னா என்னங்க நியாயம். இந்தியாவுல விக்கிற சிகரெட்ல நாலுல ஒண்ணு கள்ளச்சரக்குன்னு பேப்பர்லயே போட்டிருந்தாங்க, உலகத்துலயே நாலாவது பெரிய மார்க்கெட்டாமா.

---

புள்ளிவிவரப்_புலி:

அந்த நாலுல ஒண்ணு கணக்கு யார் சொன்னதுன்னு பாத்தீங்களா நண்பரே? தொழில் கூட்டமைப்புகள் ரிப்போர்ட்ல வர்ற எண்ணிக்கை அது, 26 சதவீதம்னு எழுதுவாங்க. வரி ஏறக்கூடாதுன்னு நினைக்கிற கம்பெனிங்கதான் இந்த எண்ணிக்கையை பட்ஜெட் நேரத்துல தூக்கிக்கிட்டு வரும். 2018-ல வெளியான வேற ஒரு ஆய்வு இருக்கு, அவங்க என்ன பண்ணாங்கன்னா லூஸ்ல வித்து முடிச்ச காலி பாக்கெட்டுகளை கடைக்காரங்ககிட்ட இருந்தே வாங்கி, சில நகரங்கள்ல ஆயிரக்கணக்குல சேத்து, ஒவ்வொண்ணா படம் இருக்கா, சட்டப்படி இருக்க வேண்டிய மத்த விவரம் இருக்கான்னு பாத்தாங்க. கள்ளச்சரக்கு 3 சதவீதத்துக்கும் கீழ. 26 எங்க, 3 எங்க. நெசம் நடுவுல எங்கயோ இருக்கலாம், நகரத்துக்கு நகரம் மாறலாம், ஆனா கம்பெனி சொல்றத அப்படியே வேதவாக்கா எடுத்துக்காதீங்க.

வரி ஏறுனா கடத்தலுக்கு ஆசை கூடும்ங்கறது சரிதான், அத மறுக்கல. ஆனா அதுமட்டுமே காரணம்னா வரி அதிகமா இருக்கற நாட்டுலதான் கடத்தல் அதிகமா இருக்கணும். சிங்கப்பூர்ல வரியைப் பாருங்க, அங்க பெட்டிக்கடையில பகிரங்கமா வச்சு விக்க முடியுமா? புடிக்கிற பயம் எவ்ளோ இருக்குங்கறதுதான் வித்தியாசம்.

நம்ம ஊர்ல இல்லாதது ஒண்ணே ஒண்ணு, பாக்கெட்டோட ஜாதகம். ஒரு பாக்கெட்டை கையில எடுத்தா எந்த ஃபேக்டரி, என்னைக்கு அடிச்சது, எந்த டீலருக்குப் போச்சுன்னு போன்ல ஸ்கேன் பண்ணி சொல்ல முடியணும். ஐரோப்பாவுல 2019 மே மாசத்துல இருந்து ஒவ்வொரு பாக்கெட்லயும் தனி கோடு இருக்கு. நாமளும் உலக சுகாதார நிறுவனத்தோட கள்ளப் புகையிலை ஒழிப்பு உடன்படிக்கையில 2018 ஜூன்லயே சேந்துட்டோம், அது சொல்றதும் இதைத்தான். 2025 பட்ஜெட்ல ஜி.எஸ்.டி சட்டத்துல 148ஏ-ன்னு ஒரு பிரிவு போட்டு, அரசு சொல்ற சரக்குக்கெல்லாம் தனித்தனி அடையாளக் குறி போடணும்னு சொல்றதுக்கு அதிகாரம் எடுத்துக்கிட்டாங்க, போடலேன்னா 1 லட்சம் இல்ல வரியில 10 சதவீதம், எது அதிகமோ அது பெனால்டி. சேந்து ஏழு வருஷம் கழிச்சுதான் சட்டத்துல ஒரு பிரிவே வருது, அதுவும் ஆமை வேகத்துல.

---

தம்_அடிச்சா_தப்பா:

சரி புலி, 3-ன்னே வச்சுக்கலாம். என் பாக்கெட்டு காலியாகறது மட்டும் 100 சதவீதமுங்க.

---

முத்துநகர்_மீனவன்:

அண்ணாச்சி எல்லாரும் மெட்ராஸ் ஹார்பரையே பேசுதீங்க, எங்க பக்கம் கொஞ்சம் வாங்க. இங்க உள்ள வர்றது இல்ல பிரச்சனை, வெளிய போறது. பீடி இலை.

தூத்துக்குடி, ராமநாதபுரம் பேப்பரை எடுத்தா மாசத்துக்கு ரெண்டு மூணு செய்தியாவது இருக்கும், கடற்கரையில இத்தனை மூட்டை பீடி இலை பறிமுதல், லோடு வண்டி, பைபர் படகு, க்யூ பிரிவு போலீஸ். வெளியூர்க்காரன் படிச்சா சிரிப்பான், இலையப் போயி எவம்லே கடத்துவான்னு. கணக்கு இருக்குல்லா. இந்த இலை நம்ம ஊருல வெளையாது, சத்தீஸ்கர், மத்தியப்பிரதேசம், ஒடிசா, தெலங்கானா காட்டுல பறிக்கிறது, திருநெல்வேலி தென்காசி பக்கம் பீடி சுத்துறதுக்கு லாரி லாரியா வரும், முக்கூடல் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு பொம்பளையாளுக முறத்துல வச்சு சுத்துவாங்க. இலங்கையிலயும் பீடி குடிக்கிற ஆளு ஏராளம், இலை அங்க கெடையாது, இங்க இருந்துதான் போகணும், எறக்குமதிக்கு அந்த அரசு பலமா வரி போட்டு வச்சிருக்கு. அப்பொறம் என்ன, ராத்திரி படகுல ஏத்துனா கல்பிட்டி, புத்தளம், மன்னார் பக்கம் கை மாறிரும். தனுஷ்கோடில இருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்கூட வராது.

போலீசுக்கு இதுல ஒரு தலைவலி உண்டு. இலை நம்ம நாட்டுல சட்டப்படியான சரக்கு. கஞ்சா மாதிரி கையில வச்சிருந்தாலே தப்புன்னு சொல்ல ஏலாது. நடு ரோட்டுல லோடு வண்டிய மறிச்சா "பீடி கம்பெனிக்குப் போகுது சார்"ன்னு சொல்லிருவான், பில்லும் காட்டுவான். அதனாலதான் கடற்கரை மணல்ல எறக்குறப்பவோ படகுல ஏத்துறப்பவோ கையும் களவுமா புடிக்க வேண்டியிருக்கு, புடிச்சு கஸ்டம்ஸ்ல ஒப்படைப்பாவ. கடல்ல கோஸ்ட் கார்டு, அந்தப் பக்கம் இலங்கை நேவி. நேவி வெரட்டுனா மூட்டைய கடல்ல தள்ளிட்டுப் போயிருவான், மறுநா எங்க வலையில ஊறிப்போன இலை மூட்டை சிக்கும், ஒரே நாத்தம், வலையும் போச்சு. எனக்கே நடந்திருக்கு.

எங்க பக்கம் ஒரு பேச்சு உண்டு, போறப்ப இலை வர்றப்ப தங்கம்னு. படகு வெறுமனே திரும்பி வராதுல்லா. சிகரெட்டு, இலை, தங்கம்னு நீங்க தனித்தனியா பிரிச்சுப் பேசுதீங்க, ஏவி விடுற முதலாளிக்கு எல்லாம் ஒண்ணுதான். மாட்டுறவன் யாருன்னா, ஒரு நடைக்கு சில ஆயிரம் தாரேன்னு சொன்னதும் ஏறிப்போன பய. மீன் பாடு இல்லாத மாசத்துல, மீன்பிடித் தடைக்காலத்துல, ஆள் சேக்குறது ரொம்ப லேசு. ஏப்ரல் 15-ல இருந்து 61 நா விசைப்படகு கரையில கெடக்கும், அப்ப வீட்டுல அடுப்பு எரியணும்லா.

---

ராயபுரம்_குமாஸ்தா:

மீனவன் அண்ணே, கடல்ல மூட்டையைத் தள்ளுற கதை இப்பத்தான் கேக்குறேன். எங்களுக்கு ஐ.இ.சி வாடகை, உங்களுக்கு படகு வாடகை, ரெண்டும் ஒரே கதைதான்.

---

துவாஸ்_தமிழன்:

புலி சிங்கப்பூர் பேரை எடுத்ததால வந்தேன். 11 வருஷமா இங்க வேலை, இப்ப ஷிப்யார்டு. இங்க உள்ள கெடுபிடியை ஊர்ல சொன்னா நம்ப மாட்டாங்க.

மொதல்ல, ஊர்ல இருந்து வரும்போது வரியில்லாம ஒரு கட்டை கூட கொண்டு வரக்கூடாது. 100 இல்ல, 20 இல்ல, ஒண்ணு கூட. ஓப்பன் பண்ண பாக்கெட்டு பாதி இருந்தாலும் ரெட் சேனல்ல, அதாவது கஸ்டம்ஸ் கவுண்டர்ல, போய் சொல்லி வரி கட்டணும். புதுசா வர்ற பசங்க பாக்கெட்ல நாலு பீடியோட மாட்டி முழிச்சத ஏர்போர்ட்ல பாத்திருக்கேன். அப்புறம் 2009-ல இருந்து கடையில விக்கிற ஒவ்வொரு கட்டையிலயும் எஸ்.டி.பி.சி-ன்னு, அதாவது சிங்கப்பூர்ல வரி கட்டுன சிகரெட்டுன்னு, அடையாளம் இருக்கணும், பாக்கெட்ல இல்லங்க, கட்டையில. ஆபீசர் வந்து நீங்க குடிச்சிக்கிட்டு இருக்கற சிகரெட்டை வாங்கிப் பாத்து சொல்லிடலாம் வரி கட்டுனதா இல்லையான்னு. 2020 ஜூலையில இருந்து பாக்கெட்டே ஒரே கலர்ல, லோகோ இல்லாம. கள்ளச்சரக்கு கலர் கலரா இருந்தா தூரத்துல இருந்தே பல்லைக் காட்டும்.

தண்டனை விக்கிறவனுக்கு மட்டும் இல்ல, வாங்குறவனுக்கும்தான். ஏமாத்துன வரி, ஜி.எஸ்.டி தொகைக்கு 40 மடங்கு வரை அபராதம், 6 வருஷம் வரை ஜெயில். வண்டியில கொண்டு போனா வண்டியும் போயிடும். எங்க டார்மிட்டரியில நோட்டீஸ் தமிழ்லயே ஒட்டியிருப்பாங்க. அப்படியும் நடக்கத்தான் செய்யுது, பொய் சொல்ல மாட்டேன். டார்மிட்டரி பின்பக்கம், புதர்ல ஒளிச்சு வச்சு, போன்ல ஆர்டர் வாங்கி. கூட தங்குன ஒரு பையன், நாகப்பட்டினம் பக்கம், ஒரு நாள் சாயங்காலம் பாதி வெலைக்கு கெடைக்குதுன்னு ரெண்டு பாக்கெட் வாங்கப் போனான். அவனுக்கு விழுந்த அபராதம் ஒரு மாச சம்பளத்துக்கு மேல, கட்டிட்டு இருந்தான், அதுக்கப்புறம் ஒர்க் பெர்மிட் புதுப்பிக்கல, ஊருக்குப் போயிட்டான். ஏஜெண்டுக்குக் கட்டுன கடன் இன்னும் பாக்கி இருந்துச்சு அவனுக்கு.

இந்த ஊரு சின்னத் தீவு, தரை வழி செக்போஸ்ட் ரெண்டே ரெண்டு, அதனால முடியுது. நம்ம கடற்கரை நீளத்துக்கு இதை அப்படியே தூக்கி வைக்க முடியுமான்னா எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா கட்டையில அடையாளம் போடுறது செய்யலாம்ல, லூஸ்ல விக்கிற நாட்டுக்கு பாக்கெட் அடையாளத்தை விட அதான் பொருத்தம். எங்க ஊர்ல எவன் பாக்கெட்டா வாங்குறான்?

---

புள்ளிவிவரப்_புலி:

துவாஸ் சொன்ன கடைசிப் பாயிண்ட் முக்கியம். லூஸ்ல வித்தா எச்சரிக்கைப் படமும் தெரியாது, எம்.ஆர்.பி-யும் தெரியாது, கள்ளச்சரக்கா நல்ல சரக்கான்னும் தெரியாது. கர்நாடகா, மகாராஷ்டிரா எல்லாம் லூஸ் விற்பனைக்கு தடை போட்டாங்க, தெருவுல போய் பாத்தா நெலமை வேற. நாடு முழுக்க அப்படி ஒரு தடை இல்ல.

---

குட்கா_கசப்பு:

கடைத் தம்பி, ஒரு அனுபவம் சொல்றேன், எங்க கடையில நடந்தது. சிகரெட் இல்ல, ஹான்ஸ் குட்கா வகையறா. தமிழ்நாட்டுல 2013-ல இருந்து குட்கா தடை, நடுவுல 2023 ஜனவரியில ஹைகோர்ட் ரத்து பண்ணி, ஏப்ரல்லயே சுப்ரீம் கோர்ட் அதுக்கு ஸ்டே குடுத்து, திரும்பவும் பழையபடிதான். அந்த நடுவுல இருந்த குழப்பத்துல எங்க அண்ணன் "இப்ப ஓகேதான்"னு எவனோ சொன்னத நம்பி ரெண்டு சரம் வாங்கி உள்ள வச்சிருந்தார். மேல சொன்னாரே பைக்காரர், அதே மாதிரி ஒருத்தர்தான் குடுத்தது. ஸ்டே வந்தப்புறமும் மிச்சத்தை தூக்கிப் போடல. உணவுப் பாதுகாப்பு ஆபீசரும் போலீசும் சேந்து வந்தாங்க, 25,000 அபராதம், கடை 15 நாள் சீல். பால் பாக்கெட்டு, வாழைத்தார், முட்டை எல்லாம் உள்ளயே. சீல் ஒடைச்சு தொறந்த அன்னைக்கு அடிச்ச வாடை எனக்கு இன்னும் மூக்குல இருக்கு. அத விட, ரெகுலரா வந்த ஆளுங்க பதினஞ்சு நாள்ல வேற கடைக்குப் பழகிட்டாங்க. ரெண்டு சரத்துல எங்களுக்கு நின்ன லாபம் எவ்ளோன்னு அண்ணன்கிட்ட கேட்டா இன்னைக்கும் மூஞ்சியத் திருப்பிக்குவார்.

அந்த பைக்காரர் அப்புறம் எங்க தெருப் பக்கமே வரல. போன் பண்ணா சுவிட்ச் ஆஃப்.

---

சிவில்_வக்கீல்_67:

ஒண்ணு விட்டுப்போச்சு. கையில பாக்கெட்டை எடுத்தா என்ன பாக்கணும்னு சிலபேர் தனியா மெசேஜ்ல கேட்டிருந்தீங்க. பெரிய படம் ரெண்டு பக்கமும் இருக்கா, புகையிலையை விட உதவிக்கு 1800-11-2356-னு நம்பர் அடிச்சிருக்கா, எம்.ஆர்.பி, தயாரிச்ச மாசம் வருஷம், தயாரிச்சவர் இல்ல இறக்குமதி பண்ணவர் பேர் விலாசம் இருக்கா. சட்டப்படி வந்த ஃபாரின் சிகரெட்லயும் இது அத்தனையும் இருக்கணும், ஃபாரின்னா வெளிய இருந்து வந்தது அப்படித்தான் இருக்கும்னு பைக்காரர் சொல்றது கப்சா. எல்லாம் இருந்து வெலை மட்டும் நம்ப முடியாத அளவுக்கு கம்மின்னா, டூப்ளிகேட்டா இருக்கலாம், அதையும் தொடாதீங்க.

கோவையில இருந்து பேசுன நண்பருக்கும் அந்த நம்பர் பயன்படும், கிண்டலுக்கு சொல்லல.

---

தம்_அடிச்சா_தப்பா:

வக்கீல் சார் கடைசியில நம்மளையே கேஸ்ல சேத்துட்டீங்களே. நம்பரை பாக்கெட்ல தினம் பாக்கறேனுங்க, ஒருநாள் போட்டும் பாத்துடலாம்.

---

வடசென்னை_பெட்டிக்கடை:

எல்லாருக்கும் நன்றிங்க, இவ்ளோ பதில் வரும்னு நினைக்கல. குட்கா கசப்பு அண்ணே எழுதுனத மாமாகிட்ட படிச்சுக் காட்டினேன், கால நீட்டிக்கிட்டு படுத்திருந்தவரு எழுந்தே உக்காந்துட்டாரு. "என் பேர்ல இருக்கற கடைடா"ன்னு ஒரே பேச்சு.

நேத்து சாயங்காலம் பைக்காரர் திரும்ப வந்தாரு. நான் வேணாம்னு நேரா சொல்லாம, சரிங்கண்ணே எடுத்துக்கறேன், ஒரு வெள்ளத்தாள்ல உங்க பேரு, போன் நம்பர், எத்தனை பாக்கெட்டுன்னு எழுதி கையெழுத்து போட்டுக் குடுங்க, கணக்குக்கு வேணும்னேன். ஒரு நிமிஷம் என் மூஞ்சியவே பாத்தாரு. ஒண்ணும் பேசல, ஒரு டீ குடிச்சாரு, காசு குடுத்தாரு, வண்டிய ஸ்டார்ட் பண்ணி நேரா அடுத்த தெருக் கடைக்குப் போயிட்டாரு.

அந்தக் கடைக்காரர்கிட்ட நான் போய் சொல்லலாமா வேணாமான்னுதான் இப்ப யோசிக்கிறேன். சொன்னா பொறாமையில சொல்றேன்னு நினைப்பாரு. யாராவது இதுக்கும் ஒரு ஐடியா குடுங்க.